என் அண்ணனுக்கு இருபது வயது

ஹார்லன்வில், ஒஹாயோ
செப்டம்பர் 19, 1993

அன்புள்ள லீலண்டுக்கு,

வெர்னா எழுதுகிறேன். எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. அலாஸ்காவில் இப்போதே பனி விழத் தொடங்கியிருக்கும். கம்பளிக் கையுறைகளைப் பெட்டியின் அடியிலிருந்து வெளியே எடுத்திருப்பாய் என்று நம்புகிறேன். எடுக்கவில்லை என்றால் இந்தக் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டு முதலில் அதை எடு. பிறகு படிக்கும்போது உனக்குக் கோபத்தில் எதுவும் ஞாபகம் இருக்காது.

இந்த ஆண்டு தக்காளி கொட்டித் தீர்த்துவிட்டது. நானும் பாட்டில் பாட்டிலாக அடைத்துப் பார்க்கிறேன், முடிந்தபாடில்லை. கூரை ஓரத்துத் தண்ணீர்க் குழாயை ஏணி வைத்து நானே ஏறிச் சரி செய்தேன். நம் நாய் பிஸ்கட்டுக்கு ஒரு பக்கக் காது போய்விட்டது. அந்தப் பக்கம் நின்று கூப்பிட்டால் உன்னை மாதிரியே முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்திருக்கிறது.

நான் சொல்வதற்குள் உன் தம்பி ராய் உனக்கு ஃபோன் போட்டு வத்தி வைத்துவிட்டான். நேற்று உன் கடிதம் வந்தது. மொத்தமே நாலு வரி. "அந்தக் கும்பல்தான் நம்ம பையனைக் கொன்னுச்சு. நீ போய் அவங்களோடயே சேர்றேங்கிற. அந்தச் சட்டையை நீ மாட்டிக்கிட்டா கிறிஸ்துமஸுக்கு நான் வீட்டுக்கு வரமாட்டேன். எது வேணும்னு நீயே முடிவு பண்ணிக்கோ" என்று எழுதியிருக்கிறாய்.

முடிவு பண்ணிவிட்டேன், லீலண்ட். சேர்கிறேன்.

போன கிறிஸ்துமஸுக்கும் நீ வரவில்லை. அதற்கு முந்தின கிறிஸ்துமஸ் வெஸ்லியைப் புதைத்த கையோடு வந்தது. அன்று நீ வீட்டில் இருந்தும் இல்லாத மாதிரிதான். வசந்தம் வந்ததும் எண்ணெய்க் கிணற்று முகாமில் லாரி பழுது பார்க்கும் வேலை என்று கிளம்பிப் போனாய். ஆகவே, வரமாட்டேன் என்று மிரட்டினால் நான் பயப்பட வேண்டுமென்றால், நீ முதலில் ஒரு தடவையாவது வந்து காட்டியிருக்க வேண்டும்.

ராய் உன்னிடம் என்ன கதை கட்டினானோ. நாற்பத்தெட்டு வயதுக்காரி கல்லூரிப் பிள்ளைகளோடு பீர் பீப்பாய் உருட்டப் போகிறாள் என்று சொல்லியிருப்பான். இது அந்த மாதிரி சங்கம் இல்லை என்று உனக்கே தெரியும். இவர்களுக்கு வீடு கிடையாது, விருந்து கிடையாது. மாணவர் கூடத்தின் கீழ்த்தளத்தில் ஒரு அறை, ஒரு பழைய வேன், ஆளுக்கொரு நீலச் சட்டை. பெயரில் மூன்று கிரேக்க எழுத்து இருப்பதால் இதுவும் ஃபிராட்டர்னிட்டி, கல்லூரிச் சகோதரர் சங்கம். மற்றபடி சனிக்கிழமை விடிந்தால் யார் வீட்டுக்காவது பலகை அடிப்பது, தரையில் படுக்கிற பிள்ளைகளுக்குக் கட்டில் தேடிக் கொண்டுபோய்க் கொடுப்பது, இதுதான் வேலை. நம் பையன் இதைத்தான் செய்துகொண்டிருந்தான். இடிக்கப்போகிற ஒரு விடுதியிலிருந்து கட்டில்களை ஏற்றிக்கொண்டு, தரையில் விழுந்ததும் கண்ணாடியாய் உறைகிற மழையில், அப்போது அவர்களிடம் இருந்த வேனைத் தனியாக ஓட்டிக்கொண்டு வந்தான். ஓடைப் பாலம் வரைதான் வந்தான்.

ஏன் சேர்கிறாய் என்று நீ கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் சொல்கிறேன்.

போன மே மாதம் சங்கத் தலைவி டெஸ்ஸா நம் வீட்டுக்கு வந்தாள். பின்னலைத் தோளில் போட்டுக்கொண்டு, மடியில் கையை வைத்துக்கொண்டு, நீ உட்காருகிற நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். வெஸ்லி பெயரில் ஆண்டுதோறும் ஒரு கேடயம் கொடுக்கலாம் என்று இருக்கிறார்களாம், எனக்குச் சம்மதமா என்று கேட்டாள். கேடயம் வேண்டாம் என்றேன். "அப்ப என்ன வேணும், மேடம்? என்ன கேட்டாலும் செய்றோம்" என்றாள். எனக்கு ஒரு விதி வேண்டும் என்றேன். வேன் எப்போது போகலாம், எப்போது போகக் கூடாது, யார் போகலாம் என்று எழுதி வைத்த ஒரு விதி. இத்தனைக்கும் பிறகு அப்படி ஒன்று அவர்களிடம் இல்லை. அந்தப் பெண் தரையைப் பார்த்துக்கொண்டு, "விதி கொண்டு வரணும்னா கூட்டத்துல ஒரு உறுப்பினர் முன்மொழியணும், மேடம். வெளியாளு முன்மொழிய முடியாது" என்றாள். உறுப்பினர் ஆக என்ன வேண்டும் என்று கேட்டேன். "இந்தக் கல்லூரியில படிக்கணும்" என்றாள். சொல்லிவிட்டு அவளே சிரித்துவிட்டாள். நான் சிரிக்கவில்லை.

மறு வாரம் போய்ப் பதிந்துகொண்டேன். காலையில் பள்ளிக்கூட பஸ்ஸை ஓட்டி முடித்ததும் உயிரியல் வகுப்பு, பிற்பகல் பஸ்ஸுக்கு முன்னால் ஆங்கில வகுப்பு. பக்கத்து இருக்கைப் பையன் முதல் நாள் என்னை ஆசிரியை என்று நினைத்து எழுந்து நின்றான்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. இந்த ஊரில் எல்லோரும் என்னைப் பாவம் பார்க்கிறார்கள். மாதா கோயில் பெண்கள் இன்னும் மூடி போட்ட பாத்திரங்களில் மீன் நூடுல்ஸ் கொண்டு வருகிறார்கள். நான் கடைக்குள் நுழைந்தால் பேச்சைக் குறைக்கிறார்கள். போன சனிக்கிழமை இந்தப் பிள்ளைகள் ஒரு கிழவரின் வாசல் படியைச் சரி செய்யப் போனபோது நானும் போனேன். "ஏங்க, ஏணியைப் பிடிங்க, சும்மா நிக்காதீங்க" என்று ஒரு பொடிப்பெண் என்னை விரட்டினாள். கிட்டத்தட்ட இரண்டு ஆண்டுக்குப் பிறகு ஒருத்தி என்னை விரட்டினாள், லீலண்ட். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் மனதுக்கு அவ்வளவு நன்றாக இருந்தது.

இது சண்டைக் கடிதம் என்று உனக்குத் தோன்றினால் சரியாகத்தான் தோன்றுகிறது. கையுறையை மறக்காதே. இரும்பை வெறும் கையால் தொடாதே.

இன்னமும் உன் மனைவியாகவே இருக்கும்,
வெர்னா

&nbsp;

ஹார்லன்வில்
நவம்பர் 7, 1993

லீலண்டுக்கு அன்புடன்,

உன் இரண்டாவது கடிதம் கிடைத்தது. இந்தத் தடவை ஒரு பக்கம் முழுக்க எழுதியிருக்கிறாய். கோபத்தில்தான் என்றாலும் உன் கையெழுத்தைப் பார்க்க எனக்குச் சந்தோஷம். நீ நன்றாகச் சாப்பிடுகிறாய் என்று ராய் சொன்னான். முகாமில் சமைக்கிறவர் லூயிசியானாக்காரர் என்றும், காரத்தில் உனக்குக் கண்ணில் தண்ணீர் வருகிறது என்றும் சொன்னான். வரட்டும், நல்லதுதான்.

கட்டை டயரோடு ஒரு பிள்ளையை அனுப்பியவர்கள் மனிதர்களா என்று கேட்டிருக்கிறாய். டயரைப் பற்றி நீ எழுதியதில் ஒரு சொல்லைக்கூட நான் மறுக்கவில்லை. டயர் தேய்ந்துதான் இருந்தது. இருபது ஆண்டாக பஸ் ஓட்டுகிறேன், எனக்குத் தெரியாதா? ஆனால் அது எப்படி அந்த நிலைக்கு வந்தது என்று இப்போது உள்ளே போய்ப் பார்த்த பிறகு புரிகிறது. இந்தச் சங்கத்தில் ஆண்டுதோறும் தலைவர் மாறுகிறார், கணக்குப் பார்க்கிறவர் மாறுகிறார், சாவி கை மாறுகிறது. சாவியைக் கொடுக்கிறவர் வண்டி நன்றாக ஓடுகிறது என்று சொல்லிக் கொடுக்கிறார். வாங்கிக்கொள்கிறவர் நம்பிக்கொள்கிறார். வேன் எல்லோருக்கும் சொந்தம் என்பதால் குனிந்து பார்க்க ஒருவருமில்லை. கெட்ட பிள்ளைகள் இல்லை, லீலண்ட். குனிந்து பார்க்காத பிள்ளைகள். அவர்களைக் குனிய வைக்கத்தான் போயிருக்கிறேன்.

ஆனால் இன்னும் எனக்கு அங்கே வாய் திறக்க அனுமதி இல்லை. புதுமுகங்கள் கூட்டத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்கலாம், அவ்வளவுதான். சட்டைப் பையின் மேல் ஒரு சின்ன ஊசிப் பதக்கத்தை எந்நேரமும் குத்திக்கொண்டே இருக்க வேண்டும். நான் பஸ் ஓட்டுகிற கோட்டில் குத்தியிருக்கிறேன். சங்கத்தில் இருக்கிற ஒவ்வொருவரையும் தனியாகச் சந்தித்துப் பேச வேண்டும். கிரேக்க எழுத்துகளை ஒரே மூச்சில் ஒப்பிக்க வேண்டும். அதை ஒரு காகிதத்தில் எழுதி பஸ்ஸின் வெயில் மறைப்பில் ஒட்டி, ஓட்டிக்கொண்டே சொல்லிப் பார்த்தேன். ஒரே வாரத்தில் பஸ் முழுக்க இருக்கிற பொடிசுகள் ஆல்ஃபா, பீட்டா என்று கத்த ஆரம்பித்துவிட்டன. பள்ளித் தலைமை ஆசிரியர் என்னைக் கூப்பிட்டு, "வெர்னா, பசங்களுக்கு என்ன சொல்லிக் குடுக்குற?" என்று கேட்டார். படிப்பு சொல்லிக் கொடுக்கிறேன், நீங்களும் முயற்சி செய்யலாம் என்றேன்.

இன்னொரு வழக்கம் கேள். இவர்கள் ஆண், பெண் எல்லோரையும் சகோதரன் என்றுதான் அழைக்கிறார்கள். ஒவ்வொரு புதுமுகத்துக்கும் பழைய உறுப்பினர் ஒருவர் அண்ணன் ஆகிறார், நாம் அவருக்குத் தம்பி. நான் தம்பி. சிரித்துக்கொள். அண்ணன் யார் என்று முதலில் சொல்ல மாட்டார்கள். சில வாரங்களுக்கு மறைவாகப் பரிசு வரும், நாம் ஊகித்துக்கொண்டே இருக்க வேண்டும். என் பஸ்ஸின் படிக்கட்டில் ஒரு நாள் புதினா மிட்டாய் இருந்தது. இன்னொரு நாள் காப்பி குடுவை. பிறகு கார் கண்ணாடியில் பனி சுரண்டுகிற, நல்ல மரப்பிடி வைத்த சுரண்டி. எனக்குப் பிடித்ததெல்லாம் தெரிந்த ஆள். டெஸ்ஸாதான் என்று நான் அடித்துச் சொன்னேன். அவளும் இல்லை என்று சொல்லாமல் சிரித்தாள்.

போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் அண்ணன்களைக் காட்டுகிற நாள். பெரிய கூடத்தில் கம்பளி நூலைச் சிலந்தி வலை மாதிரி இழுத்துக் கட்டியிருந்தார்கள். நாற்காலிக் காலைச் சுற்றி, மேசைக்கு அடியில், பியானோவுக்குப் பின்னால் என்று எல்லாப் பக்கமும் நூல். ஆளுக்கொரு நிறம். நம் கையில் நூலின் ஒரு முனையைக் கொடுப்பார்கள். உருண்டை சுற்றிக்கொண்டே போனால் மறுமுனையில் அண்ணன் நிற்பார். எனக்குக் கொடுத்தது பள்ளிக்கூட பஸ்ஸின் மஞ்சள். நானும் முட்டி வலிக்க மேசைகளுக்கு அடியில் தவழ்ந்தேன். "மிஸஸ் ஸ்டோல்ட்ஸ், பாத்து, தலை இடிக்கும்" என்று பின்னாலிருந்து ஒருத்தி கத்துகிறாள், இன்னொருத்தன் என் காலில் அவன் நூலை மாட்டிவிட்டான், எல்லோருக்கும் ஒரே சிரிப்பு. நானும் சிரித்தேன். எவ்வளவு நாளாயிற்று அப்படிச் சிரித்து. அந்தச் சிரிப்போடுதான், நூல் போன வழியே மேடைத் திரையை விலக்கினேன்.

நோலன் நின்றுகொண்டிருந்தான்.

ஆமாம், அந்த நோலன்தான். வெஸ்லி தம்பியாக எடுத்துக்கொண்ட பையன். அன்றைக்கு வேனை ஓட்டிக்கொண்டு போயிருக்க வேண்டியவன். கல்லறையில் எல்லோர் முன்னாலும் நீ அவன் முகத்துக்கு நேரே, "அந்தப் பெட்டியில நீ படுத்திருக்கணும்டா" என்று சொன்னாயே, அதே பையன். இப்போது உயரமாகிவிட்டான். இருபது வயது. நூலை விரலில் சுற்றியிருந்தான், விரல் நுனி வெளுத்துப் போயிருந்தது.

எனக்கு ரத்தம் கொதித்தது. அதை உன்னிடம் மறைக்க மாட்டேன். நீ சொன்னதை அன்றைக்கு நான் தடுக்கவில்லை, ஏனென்றால் நானும் அதைத்தான் நினைத்தேன். உருண்டையைக் கீழே போட்டுவிட்டுக் கோட்டை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டேன். இனி இந்தப் பக்கமே வரக் கூடாது, நீ சொன்னதுதான் சரி என்று கார் வரைக்கும் போனேன். கண்ணாடி முழுக்கப் பனி. சாவி கதவில் நுழையவில்லை.

அவன் பின்னாலேயே வந்தான். பக்கத்தில் வரவில்லை, இரண்டு கார் தள்ளியே நின்றான். "நீங்க வேண்டாம்னு சொல்லிடலாம், மிஸஸ் ஸ்டோல்ட்ஸ். டெஸ்ஸா உங்களுக்கு அண்ணனா இருக்கேன்னு சொல்லியிருக்கா. நான்தான் எனக்குக் குடுங்கன்னு கேட்டேன்" என்றான். ஏன் கேட்டாய் என்றேன். அதற்கு அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அன்னிக்கு எனக்கு வேதியியல் பரீட்சை. நான் போறேன்னுதான் சொன்னேன். வெஸ்லி சாவியைப் பிடுங்கிக்கிட்டு, 'நீ படி, நான் போயிட்டு வந்துடுறேன்'னான். அண்ணன்னா அப்படித்தான்னு நினைச்சேன். பரீட்சைல பாஸாகிட்டேன். அதுக்கப்புறம் நான் யாரையும் தம்பியா எடுத்துக்கல. சுவர்ல எங்க வரிசை வெஸ்லி, நான், அதோட நின்னு போச்சு. எனக்கு அந்தத் தகுதி இல்லன்னு நினைச்சேன். நீங்க வந்தப்போ, இவங்களுக்கு மட்டும் செய்யலாம்னு தோணிச்சு."

அந்த அறையின் சுவரில் ஒரு மரம் வரைந்திருக்கிறார்கள், லீலண்ட். யாருக்கு யார் அண்ணன், யாருக்கு யார் தம்பி என்று கிளை கிளையாய்ப் பெயர்கள். நான் இதுவரை அதைப் பார்க்காமல் முதுகைக் காட்டியே உட்கார்ந்திருந்தேன்.

எனக்குக் கோபம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். பாதி போனது. மீதியை வைத்துக்கொண்டு, "அண்ணன்னா அண்ணனா லட்சணமா இரு. நீ குடுத்த சுரண்டி பின் சீட்டுல கிடக்கு. எடுத்து அந்தக் கண்ணாடியைச் சுரண்டு, எனக்குக் குளிருது" என்று சொன்னேன். மூக்கை உறிஞ்சிக்கொண்டே நான்கு கண்ணாடியையும் சுரண்டினான். மோசமாகத்தான் சுரண்டினான், ஓரத்தில் எல்லாம் விட்டுவிட்டான். அவனை முன் இருக்கையில் உட்காரச் சொல்லி, விடுதியில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தேன்.

மறுநாள் போய் அந்த மரத்தைப் பார்த்தேன். வெஸ்லி, அதற்குக் கீழே நோலன், அதற்குக் கீழே ஈரம் காயாத பெயிண்டில் வெர்னா. என் பிள்ளை எனக்கு அண்ணனுக்கு அண்ணன். அங்கேயே நின்று கொஞ்ச நேரம் அழுதேன். யாரும் பாத்திரத்தில் மீன் கொண்டு வரவில்லை. ஒரு பையன் நாற்காலி போட்டுவிட்டுப் போய்விட்டான்.

இதையெல்லாம் படித்துவிட்டு நீ கடிதத்தைக் கிழிப்பாய். கிழி. ஆனால் அந்தப் பையனிடம் நீ சொன்ன சொல்லை அவன் இன்னும் சுமந்துகொண்டு திரிகிறான் என்பது உனக்குத் தெரிய வேண்டும். கிழித்தாலும் அது தெரிந்ததுதான்.

மார்புக்குத் தைலம் தடவிக்கொள். இருமல் இருக்கிறது என்று ராய் சொன்னான்.

வெர்னா

&nbsp;

ஹார்லன்வில்
டிசம்பர் 8, 1993

என் லீலண்டுக்கு,

போன கடிதத்துக்கு உன்னிடமிருந்து பதில் இல்லை. கிழித்திருப்பாய், அல்லது மடித்து வைத்திருப்பாய். உன் பழக்கம் எனக்குத் தெரியும், இரண்டையும் செய்திருப்பாய். அதனால் இதை விரைவுத் தபாலில் அனுப்புகிறேன்.

நான் உறுப்பினர் ஆகிவிட்டேன். விழாவில் என்ன நடந்தது என்று வெளியே சொல்லக் கூடாதாம், சொல்ல மாட்டேன். மெழுகுவர்த்தி நிறைய, காற்று குறைவு. நீலச் சட்டை கொடுத்தார்கள். தோளில் கொஞ்சம் இறுக்கம். இப்போது அதைப் போட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.

அடுத்த கூட்டத்திலேயே எழுந்து நின்றேன். ஒருவர் மட்டும் வேனை ஓட்டிக்கொண்டு போகக் கூடாது, எப்போதும் இரண்டு பேர். கிளம்புமுன் அந்த இரண்டு பேரும் முட்டி போட்டு நான்கு டயரையும் காசு விட்டுப் பார்க்க வேண்டும். உறையும் மழை என்று வானொலியில் சொன்னால் வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும். இதுதான் என் தீர்மானம்.

எல்லோரும் அழுதுகொண்டே கை தூக்குவார்கள் என்றா நினைக்கிறாய்? வேன் சாவியை வைத்திருக்கிற கிரெய்க் எழுந்து, "மிஸஸ் ஸ்டோல்ட்ஸ், உங்க மேல எனக்கு ரொம்ப மரியாதை. ஆனா குளிர்காலத்துலதான் கட்டில் கேட்டு வர்றாங்க. ரெண்டு பேர் கிடைக்காத நாள்ல என்ன பண்றது? பிள்ளைங்க தரையில படுத்திருக்கும்" என்றான். பாதிப் பேர் தலையை ஆட்டினார்கள். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. ஆனாலும், "படுத்திருக்கட்டும். தரையில படுத்த பிள்ளை காலையில எழுந்துக்கும்" என்றேன். சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

தீர்மானத்தை யாராவது வழிமொழிய வேண்டும், இல்லாவிட்டால் அது செத்துப்போகும். டெஸ்ஸா மேசையில் சுத்தியலை வைத்துக்கொண்டு, வழிமொழிகிறவர் உண்டா என்று கேட்டாள். மறுபடி கேட்டாள். வெஸ்லியின் பெயரைச் சொல்லாமல் இந்த விதியை வழிமொழிய முடியாது, அந்தப் பெயரைச் சொல்ல அங்கே எல்லோருக்கும் பயம். அப்போது நோலன் எழுந்தான். "வெஸ்லி ஸ்டோல்ட்ஸோட தம்பி நான். நான் வழிமொழியிறேன்" என்றான். அவ்வளவுதான் சொன்னான்.

விதி நிறைவேறியது. கிரெய்க் எதிர்த்துத்தான் கை தூக்கினான், கூட்டம் முடிந்ததும் வந்து புது டயர் எந்தக் கடையில் நல்லதாகக் கிடைக்கும் என்று என்னிடம் கேட்டான். நீ முன்பு வேலை பார்த்த டயர் கடையின் பெயரைச் சொன்னேன்.

காசு விட்டுப் பார்ப்பது எப்படி என்று அவர்களுக்கு நான்தான் காட்டினேன். ஒரு சென்ட் காசைத் தலைகீழாக டயரின் பள்ளத்தில் நுழைக்க வேண்டும், காசில் இருக்கிற லிங்கனின் உச்சந்தலை தெரிந்தால் டயர் தேய்ந்து செத்தது என்று. எனக்கு அதைக் கற்றுக் கொடுத்தது நீ. கல்யாணம் ஆன புதிதில் உன் கடை வாசலில். வெஸ்லிக்கும் நீதான் கற்றுக் கொடுத்தாய்.

லீலண்ட், நான் ஒன்று சொல்கிறேன். இதைப் படித்துவிட்டு எழுந்து போய்விடாதே.

வெஸ்லி போன அந்த ஆண்டு நவம்பரில், நன்றி நாள் விருந்துக்கு அவன் அந்த வேனில்தான் வீட்டுக்கு வந்தான். நான் சமையலறையில் வான்கோழிக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தேன். ஜன்னலுக்கு வெளியே நீங்கள் இருவரும் முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் முட்டி போட்டிருந்தீர்கள். நீ காசை நுழைத்தாய். கொஞ்ச நேரம் பார்த்தாய். பிறகு காசைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அவன் தோளில் தட்டி என்னவோ சொன்னாய். அவன் சிரித்தான். இரண்டு பேரும் கையைக் கழுவிக்கொண்டு சாப்பிட வந்தீர்கள்.

என்ன சொன்னாய் என்று எனக்குத் தெரியாது. உன்னிடம் நான் ஒரு நாளும் விசாரித்ததில்லை, இனியும் விசாரிக்கப் போவதில்லை. அந்தக் கும்பல்தான் கொன்றது என்று நீ எழுதும்போதெல்லாம் எனக்கு அந்த ஜன்னல் ஞாபகம் வருகிறது, அவ்வளவுதான். எல்லோரும் கொஞ்சம் கொஞ்சம் பார்த்தோம், லீலண்ட். எல்லோரும் அந்த டயர் இன்னும் ஒரு மாதம் தாங்கும் என்று நினைத்தோம். உன் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. ஆனால் அது அந்தக் காசுக்காக இல்லை. என்னை இந்த வீட்டில் விட்டுவிட்டுத் தன்னந்தனியாகப் போனாயே, அதற்காக.

இனி செய்தி. வெஸ்லி ஏற்றி வந்த கட்டில்களில் நொறுங்காத இரண்டு இன்னும் சங்கத்துக் கிடங்கில் கிடக்கின்றன. யாருக்கும் தொட மனம் வரவில்லையாம். நான் தொட்டேன். சாயம் பூசித் தயாராக இருக்கின்றன. ஓடைக்கு அந்தப் பக்கம், கல் குவாரிச் சாலையில், தாயோடு இரண்டு பெண் பிள்ளைகள் புதிதாகக் குடி வந்திருக்கிறார்கள். பதினெட்டாம் தேதி சனிக்கிழமை காலையில் கொண்டுபோகிறோம். ஓடைப் பாலத்தின் வழியாகத்தான் போக வேண்டும், வேறு வழி சுற்று. நான்தான் ஓட்டப் போகிறேன்.

என்னோடு நோலன் வருவதாக இருந்தது. நேற்று வந்து தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். அன்றைக்குக் காலையில் அவனுக்குப் பரீட்சை. மறுபடியும் வேதியியல். பரீட்சையை விட்டுவிட்டு வருகிறேன் என்றான். பேச்சு என் வாயில் தானாக வந்தது. "நீ படி. நான் போயிட்டு வந்துடுறேன்" என்றேன். சொன்ன பிறகுதான் இரண்டு பேருக்கும் உறைத்தது. அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "பயப்படாதே அண்ணா, இப்ப விதி இருக்கு. நான் தனியா போகமாட்டேன்" என்று சொன்னேன்.

அதனால் எனக்குப் பக்கத்தில் ஒரு இருக்கை காலியாக இருக்கிறது. விதிப்படி இரண்டாவது ஆள் உறுப்பினராக இருக்க வேண்டியதில்லை. முட்டி போட்டுக் குனிந்து பார்க்கத் தெரிந்தால் போதும். நீ வராவிட்டால் டெஸ்ஸா வருவாள், கட்டில் போய்ச் சேரும், நானும் பத்திரமாகத் திரும்பி வருவேன், சட்டையையும் கழற்ற மாட்டேன். எனக்காக நீ வர வேண்டியதில்லை. அதைத் தெளிவாகப் புரிந்துகொள்.

இந்த உறைக்குள் ஒரு சென்ட் காசு வைத்திருக்கிறேன். நம் வீட்டுச் சமையலறைக் கிண்ணத்தில் கிடந்தது. குத்திக்காட்ட அனுப்பவில்லை. பதினெட்டாம் தேதி கையோடு கொண்டு வருவதற்கு. வேனை நம் வீட்டு வாசலில்தான் நிறுத்தியிருப்பேன். முன் பக்கத்து இரண்டு டயரையும் நீ பார், பின் பக்கத்தை நான் பார்க்கிறேன். லிங்கனின் தலை தெரிந்தால் நாம் கிளம்ப வேண்டாம், உள்ளே போய்க் காப்பி குடிக்கலாம்.

நீ எங்கே இருந்தாலும் ஆண்டவன் உன் பக்கத்தில் இருக்கட்டும். ஆனால் அவர் ஒருவர் போதாது, லீலண்ட். இங்கே இப்போது யாரும் தனியாகப் போகக் கூடாது. விதி அப்படி.

உனக்காக இருக்கையைப் பிடித்து வைத்திருக்கும்,
வெர்னா